109 மணி நேரத்தில் உடைந்த ரகசியம்: ‘ஐசக் ரீபர்த்’ ஆட்டக்காரர்களிடையே எழுந்த கருத்துமோதல்

வீடியோ கேம் செய்பவர்களும் அவற்றை ஆழ்ந்து ஆடுபவர்களும் படிக்கவேண்டும் என்று நினைத்து இந்த நிகழ்வைப் பதிவு செய்கிறேன். ஒரு சிறிய குழு தன் ஆட்டத்துக்குள் ஒரு கேரக்டரை ஒளித்து வைத்தது. ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் குழு நினைத்த வழியில் அல்ல. அதன்பின் யார் செய்தது சரி என்ற வாதம் எழுந்தது, அடுத்த வெளியீட்டின் வடிவத்தையே அது மாற்றியது. ஆட்டத்தின் பெயரும் தேதிகளும் எல்லோரும் அறிந்தவை. வாதிட்ட ஆட்டக்காரர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

பின்னணி

‘தி பைண்டிங் ஆஃப் ஐசக்’ 2011 செப்டம்பரில் வெளிவந்தது. எட்மண்ட் மெக்மில்லனும் ஃப்ளோரியன் ஹிம்ஸ்லும் சேர்ந்து ஃப்ளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்த ஆட்டம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் விவிலியக் கதைதான் அதன் மூலம். கடவுளின் குரல் கேட்டதாக நம்பும் தாய், மகனைக் கொல்ல வருகிறாள். பையன் வீட்டின் நிலவறைக்குள் குதித்துத் தப்புகிறான். அங்கே வருகிற பூச்சி, பிசாசு எல்லாவற்றையும் அவன் தன் கண்ணீரை வீசியே எதிர்க்கிறான்.

ஆட்டத்தின் அமைப்பு ரோக்லைக் வகை. 1980-ல் வந்த ‘ரோக்’ என்ற ஆட்டத்திலிருந்து கிளைத்த மரபு இது. ஒவ்வொரு முறையும் அறைகள் புதிதாக அடுக்கப்படும், கிடைக்கும் பொருள்கள் மாறும், செத்தால் முதலிலிருந்துதான். பழைய ‘செல்டா’ ஆட்டத்தின் குகை அறைகளைப் போல ஒரு திரைக்கு ஓர் அறை என்ற கணக்கு.

2014 நவம்பர் 4-ஆம் தேதி ‘ரீபர்த்’ வந்தது. ஃப்ளாஷில் திணறிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிக்காலிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அடியிலிருந்து திரும்ப எழுதியிருந்தார்கள். வேகம் சீரானது. அறைகள், பொருள்கள், முடிவுகள் எல்லாம் பெருகின. பழைய வழுவழுப்பான கோட்டோவியம் போய், 1990-களின் கன்சோல் ஆட்டங்களை நினைவூட்டும் பிக்சல் ஓவியம் வந்தது.

ஆட்டக்காரர்களிடையே முதல் சண்டை இந்தப் பிக்சலைப் பற்றித்தான். பழைய முகங்களில் இருந்த அருவருப்பும் பரிதாபமும் கட்டம் கட்டமாகப் போனதில் கரைந்துவிட்டன என்றார்கள் ஒரு சாரார். திரை நிறையக் கண்ணீர்த்துளி பறக்கும்போது எது எதிரி, எது குண்டு என்று இப்போதுதான் தெரிகிறது என்றார்கள் மற்றவர்கள். பிக்சலின் முனைகளை மழுங்கவைத்துக் காட்ட அமைப்புகளில் ஒரு ஃபில்டரும் இருந்தது. சில வாரங்களில் அந்தச் சத்தம் அடங்கியது. நான் பதிவு செய்ய வந்தது அதையல்ல, வெளியான முதல் வாரத்திலேயே நடந்த இன்னொன்றை.

ஒளித்து வைக்கப்பட்டது

ரீபர்த்தில் ‘தி லாஸ்ட்’ என்று ஒரு கேரக்டர். வெள்ளையாக, ஆவி உருவில் இருக்கும் குழந்தை. பறக்கும், அதன் கண்ணீர் பாறைகளை ஊடுருவிப் போகும், ஆனால் உயிர் என்று ஒரு இதயம்கூடக் கிடையாது. எது உரசினாலும் ரன், அதாவது தொடக்கத்திலிருந்து சாவு வரையான ஓர் ஆட்டம், முடிந்தது.

இதை அன்லாக் செய்யும் வழி ஆட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. நான்கு கேரக்டர்கள் ஒருவர்பின் ஒருவராக, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட விதத்தில் சாகவேண்டும். முதலில் ஐசக், நிலவறையில் முல்லிபூம் என்ற எதிரி வெடிப்பதில் சாகவேண்டும். அப்புறம் மேக்டலின், குகைத் தளத்தில் தன் வெடிகுண்டாலேயே. அடுத்து யூதாஸ், தாயின் கையால். கடைசியாக அசாசெல், ஷியோல் என்ற பாதாளத் தளத்தில் சாத்தானிடம். வரிசை தப்பினால் மறுபடி ஐசக்கிலிருந்து தொடங்கவேண்டும்.

துப்பு இல்லாமல் இல்லை. ‘காணவில்லை’ சுவரொட்டி ஒன்று சிறு பொருளாக ஆட்டத்தில் எப்போதாவது கிடைக்கும். அதை வைத்திருக்கும்போது இறந்தால், மரணத் திரையில் ஒரு புதிர்ப்படத்தின் துண்டு தெரியும். ஒரு சாவுக்கு ஒரு துண்டுதான். பலரும் தங்கள் துண்டுகளைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தால்தான் படம் தெளியும். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தேடிவந்து சேர்ந்து உடைக்கவேண்டும் என்பதுதான் மெக்மில்லனின் எண்ணம்.

இந்த வடிவமைப்பு மிக அழகானது என்றே இன்றும் நினைக்கிறேன். ரோக்லைக்கில் சாவு என்பது தோல்வி. இங்கே சாவு ஒரு சாவி. நூறு முறை செத்துச் செத்து அலுத்துப்போனவரிடம், ‘நீ எப்படிச் செத்தாய் என்பதைக் கவனித்தாயா?’ என்று ஆட்டமே திருப்பிக் கேட்கிறது. காணாமல் போன குழந்தையின் சுவரொட்டி கதையோடும் ஒட்டி நிற்கிறது.

109 மணி நேரம்

ஆட்டம் வெளியான 109 மணி நேரத்தில், அதாவது நாலரை நாளில், ரகசியம் வெளியாகிவிட்டது. சுவரொட்டித் துண்டுகளை ஒட்டி அல்ல. ஆட்டத்தின் ஃபைல்களைப் பிரித்து, உள்ளே இருந்த படங்களையும் நிரலையும் பார்த்து. டேட்டா மைனிங் என்று இதைச் சொல்வார்கள். புதிதாக ஒரு கேரக்டரின் படம் ஃபைலில் கிடக்கிறது, ஆனால் ஆட்டத்தில் அதை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் போதும். அதற்குப் போகும் நிபந்தனையை நிரலிலேயே தேடலாம்.

கண்டுபிடித்தவுடன் வழிமுறை எல்லா இடத்திலும் பரவியது. ஆட்டக்காரர்கள் சேர்ந்து எழுதும் விக்கிப் பக்கங்களில் ஏறியது, வீடியோக்களில் வந்தது. துண்டுகளை ஒட்டும் வேலையைத் தொடங்கியிருந்தவர்கள் அதைக் கீழே போட்டார்கள்.

மெக்மில்லன் தன் ஏமாற்றத்தைப் பகிரங்கமாகவே சொன்னார். அவர் எதிர்பார்த்த காலத்தில் ஒரு சிறு பங்குகூட அந்த ரகசியம் தாங்கவில்லை.

ஆட்டக்காரர்கள் என்ன சொன்னார்கள்

ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசினாலும் எல்லோரும் வெவ்வேறு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது போலிருந்தது. ஃபைலைப் பிரித்தவர்களின் தரப்பை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள்மேல்தான் கல் அதிகம் விழுந்தது. அவர்கள் வாதம் இதுதான்: இந்த ஆட்டத்தில் எந்தப் பொருள் என்ன செய்யும் என்றுகூட ஆட்டம் சொல்வதில்லை. மாத்திரையை விழுங்கித்தான் பார்க்கவேண்டும், பொருளை எடுத்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு முதல் நாளிலிருந்தே விக்கி எழுதுவது நாங்கள்தான், அதற்காகத்தான் ஃபைலைத் திறக்கிறோம். திறந்த பெட்டியில் ஒன்று கிடந்தால் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? இதில் நியாயம் இருக்கிறது. ஐசக்கை விக்கி இல்லாமல் ஆடியவர்கள் மிகக் குறைவு. அந்த விக்கியின் பயனை எடுத்துக்கொண்டு, அதை எழுதியவர்களைத் திட்டுவது முறையல்ல.

மறுபக்கம் நின்றவர்களின் வருத்தமும் உண்மையானது. கூட்டாகத் தேடும் வாய்ப்பு ஒரு முறைதான் வரும். படத்தின் முடிவை யாரோ சொல்லிவிட்டால் திரும்ப மறக்க முடியாது. அவர்களுக்குக் கேரக்டர் கிடைக்காமல் போகவில்லை, சொல்லப்போனால் சீக்கிரமே கிடைத்தது. போனது, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டுக்காரரைத் தேடும் அந்த நாட்கள்.

இந்த இரண்டு குரலுக்கும் நடுவில், அதிகம் காதில் விழாத ஒரு குரல் இருந்தது. இணையத்தில் யாரோடும் பேசாமல், வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவர்களின் குரல். நான்கு சாவுகளை அந்த வரிசையில் தற்செயலாக ஒருவர் செய்வது நடக்காத காரியம். ‘எப்படியும் யாராவது சொல்லித்தான் எனக்குத் தெரியப்போகிறது. நாலு நாளில் சொன்னால் என்ன, நாலு மாதத்தில் சொன்னால் என்ன?’ என்று அவர்கள் கேட்டார்கள். என் பார்வையில் இந்த நிகழ்விலேயே கூர்மையான கேள்வி இதுதான். ரகசியம் யாருக்காக ஒளிக்கப்பட்டது என்பதை அது நேராகத் தொடுகிறது.

கிடைத்தபின் வந்த இரண்டாவது சண்டை

வழி தெரிந்துவிட்டதால் ஆயிரக்கணக்கானவர்கள் தி லாஸ்டை ஆடத் தொடங்கினார்கள். அங்கே இன்னொரு பிரச்சினை காத்திருந்தது.

ஒரு ரன் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். அறைக்குள் நுழைகிறோம், கதவு மூடுகிறது. மூலையில் இரண்டு ஈக்கள். வேறு யாரை வைத்து ஆடினாலும் அவற்றைக் கண்டுகொள்ளவே மாட்டோம். தி லாஸ்டை வைத்து ஆடும்போது விசைமேல் இருக்கும் விரல் இறுகிவிடுகிறது. முதல் ஈயை வீழ்த்தியாயிற்று. இரண்டாவது ஈயைக் குறிவைத்து ஒரு அடி பின்னால் நகர்கிறோம். முதுகுப்பக்கம் நெருப்புக் குண்டம். உரசியது. முடிந்தது. இருபது வினாடி. இதையே நாற்பது நிமிடம் ஆடி, கடைசித் தளத்தில் ஒரு துளி உரசிச் செத்தால் அப்புறம் கொஞ்ச நேரம் யாரோடும் பேசத் தோன்றாது.

இதை விரும்பியவர்கள் மட்டும் ஆடினால் வாதமே இல்லை. ஆனால் ஆட்டத்தை முழுதாக முடித்ததற்கான ‘ரியல் பிளாட்டினம் காட்’ சாதனைக்குத் தி லாஸ்டின் முடிவுகளும் கணக்கில் வந்தன. அதன் எல்லா முடிவுகளையும் கடின நிலையில் முடித்தால்தான் ‘காட்ஹெட்’ என்ற, ஆட்டத்தின் மிகப் பெரிய பொருள்களில் ஒன்று கிடைக்கும். ஆர்வலர்கள் சிலருக்காக ஒளித்த ஒன்று, எல்லோருக்குமான சாதனைப் பட்டியலில் கட்டாயப் பாடமாக உட்கார்ந்தது.

திறமைக்கான உச்சச் சோதனை என்று இதைப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். அறைக்கு ஒரு அடியைத் தாங்கும் ‘ஹோலி மேன்டில்’ கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வதுதான் இதன் ‘திறமை’ என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். நான் இரண்டாமவர்கள் பக்கம். நல்ல பொருள் வரும்வரை முதல் அறையிலேயே ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருப்பது ரோக்லைக்கின் உயிரையே எடுத்துவிடுகிறது. கிடைத்ததை வைத்துச் சமாளிப்பதுதானே இந்த வகையின் சுகம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

அடுத்த விரிவாக்கமான ‘ஆஃப்டர்பர்த்’ 2015 அக்டோபர் 30-ஆம் தேதி வந்தது. முந்தைய ஆண்டின் அனுபவம் அதில் இரண்டு இடங்களில் தெரிகிறது.

முதல் முடிவு தொழில்நுட்பம் சார்ந்தது. ஃபைலில் வைத்தால் பிரித்துவிடுவார்கள் என்றால், ஃபைலில் வைக்கவே கூடாது. புதிய ரகசியக் கேரக்டரான ‘தி கீப்பர்’ முதலில் வெளியான ஆட்டத்துக்குள் இல்லவே இல்லை. ஆட்டக்காரர்கள் புதிரில் முன்னேற முன்னேற, அப்டேட் மூலம் உள்ளே கொண்டுவரப்பட்டது. பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைக்க எதுவும் இல்லை.

புதிர் திரையைவிட்டு வெளியேயும் வந்தது. மெக்மில்லன் அப்போது வசித்த கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் வரை அது நீண்டது. துப்புகளைத் தொடர்ந்துபோன ரசிகர்கள் அங்கே மண்ணைத் தோண்டி ‘கிரீட்’ என்ற எதிரியின் பொம்மையை எடுத்தார்கள். முதல் முறை உடைந்துபோன நேரமான 109 என்ற எண்ணும் அந்தப் புதிருக்குள் துப்பாகவே வந்தது. மெக்மில்லன் காயத்தை மறக்கவில்லை, ஆனால் அதை விளையாட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது முடிவு தி லாஸ்டைப் பற்றியது. ஆஃப்டர்பர்த்தில் சேர்ந்த ‘கிரீட்’ என்ற புதிய ஆட்ட முறையின் முடிவில் காசு போடும் உண்டியல் ஒன்று வந்தது. அதில் மொத்தம் 879 காசு சேர்ந்தால் தி லாஸ்ட் ஆட்டம் தொடங்கும்போதே ஹோலி மேன்டிலோடு வரும். ஆயிரம் சேர்ந்தால் தி கீப்பர். கேரக்டரின் கடுமையை எடுக்காமல், அதைத் தணித்துக்கொள்ளும் வழியை ஆட்டக்காரரின் உழைப்போடு இணைத்தார்கள். ஒரு உரசலில் முடிகிற ரன், அறைக்கு ஒரு தவறை மன்னிக்கிற ரன்னாக மாறியது. சரியான முடிவு என்று தயங்காமல் சொல்வேன். தி லாஸ்டை வெறுத்தவர்கள்கூட அதன்பின் அதை ஆடிப் பார்த்தார்கள்.

அதன் விலை

முதல் முடிவுக்கு ஒரு விலை இருந்தது. காசு கொடுத்து ஆஃப்டர்பர்த் வாங்கியவர்கள் முதல் நாட்களில் பார்த்தது புதிரை அல்ல. அறிவித்த சில விஷயங்களைக் காணோம், சில சாதனைகளை எட்டவே முடியவில்லை. பக், அதாவது நிரல் பிழை, என்று நினைத்தார்கள். பாதி வேலையில் விற்றுவிட்டார்கள் என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் ரகசியத்தைக் காக்க மௌனமாக இருக்கவேண்டியிருந்தது. அந்த மௌனமே சந்தேகத்தை வளர்த்தது. புதிர் என்று தெரியவந்தபின் பலர் கொண்டாடினார்கள். எல்லோரும் அல்ல. சாண்டா குரூஸுக்குப் போக முடிந்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு அது வேடிக்கை பார்க்கும் நிகழ்வு. நல்ல வேடிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் ‘நாலு நாளில் சொன்னால் என்ன?’ என்று கேட்ட அந்த இரவு நேர ஆட்டக்காரருக்கு இந்த முறையும் பதில் கிடைக்கவில்லை.

அவருக்கான பதில் மெதுவாக வந்தது. பின்னாள் பதிப்புகளில் தி லாஸ்டின் நான்கு சாவு வரிசை கைவிடப்பட்டது. ‘காணவில்லை’ சுவரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலி அறையில் உள்ள முட்களில் இறந்தால் போதும். ஒரு சாவு, ஒரு பொருள், ஓர் அறை. ஈசாக்கின் கதை தெரிந்தவர், பலி அறையையும் காணாமல்போன குழந்தையின் படத்தையும் தானாகவே சேர்த்துப் பார்க்கக்கூடும்.

இன்று செய்தால் எதை மாற்றலாம்

தி லாஸ்டின் முதல் வடிவத்தில் நான் மாற்றுவது முதலில் சாதனைப் பட்டியலைத்தான். கூட்டமாகத் தேடிக் கண்டுபிடிக்க ஒளித்து வைத்த ஒன்றை, தனியாக ஆடுபவர் முடித்தே ஆகவேண்டிய கணக்கில் சேர்த்திருக்கக்கூடாது. சேர்க்காமல் விட்டிருந்தால் இரண்டாவது சண்டை பெரும்பாலும் வந்திருக்காது.

அடுத்தது துப்பு. சுவரொட்டி கிடைப்பதே அரிது, அதிலும் கிடைத்தபின் இறக்கவேண்டும், இறந்தபின் அந்தத் துண்டு ஏதோ முக்கியமானது என்று உணரவேண்டும். இந்த மூன்றும் சேர்வதற்குள் ஃபைலைப் பிரிப்பவர்கள் ஜெயித்துவிடுவார்கள். முதல் வாரத்திலேயே பல ஆயிரம் பேர் கையில் துண்டுகள் இருந்திருந்தால் போட்டி சமமாக இருந்திருக்கும். பிரித்தெடுக்கிறவர்களை எதிரியாக நினைப்பதைவிட, அவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை மற்றவர்களுக்குக் கொடுப்பது நல்லது.

ஃபைலில் வைக்காமல் அப்டேட்டில் கொண்டுவரும் உத்தியை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. இன்னும் வரவிருக்கிறது, நீங்கள் வாங்கியதில் குறை இல்லை என்ற ஒரு வரியை ஆட்டத்துக்குள்ளேயே, வாங்கியவர் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கவேண்டும். புதிர் அதனால் கெட்டுப்போகாது. மூடிய கதவு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் ஆட்டக்காரர்கள் இன்னும் ஆவலோடு தட்டுவார்கள்.

சுவரொட்டித் துண்டுகளை ஒட்டத் தொடங்கிய அந்தச் சிலரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நவம்பர் 8-ஆம் தேதி வாக்கில் அவர்கள் கையில் சில துண்டுகள் இருந்தன. மீதியைத் தேடும் அவசியம் போய்விட்டது.